கீரவாணிக்கு ‘ஜி’ ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கீரவாணி ராகத்தில் ஒரு மெட்டுப் போட்டிருக்கிறேன். கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) போட்டுத் தரும் மென்பொருளில் ஏ மைனர் என்று கொடுத்தேன். ஏ மைனர், ஜி, எஃப், ஈ மைனர் என்று வந்தது. தனியாகக் கேட்க நன்றாக இருக்கிறது. கூடவே பாடினால் உரசுகிறது. மெட்டை மாற்றவா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மெட்டைத் தொடாதீர்கள். வெறும் மைனர் என்றால் மென்பொருள் பெரும்பாலும் நேச்சுரல் மைனரைத்தான் எடுக்கும். அது நம் நடபைரவி ராகம். அதன் நிஷாதம், அதாவது ஏழாவது சுரமான ‘நி’, ஜி. கீரவாணிக்கோ காகலி நிஷாதம், அதாவது ஜி ஷார்ப். நீங்கள் நிஷாதத்தில் நின்று இழுக்கும்போது ஜி கார்டிலும் ஈ மைனரிலும் இருக்கும் ஜி அரை சுரம் தள்ளி ஒலிக்கிறது. உரசல் அங்கேதான்.

ஸ்கேல் பட்டியலில் கீரவாணிக்கு இணையான ஹார்மோனிக் மைனரைத் தேர்ந்தெடுங்கள். ஈ மைனர் இருந்த இடத்தில் ஈ மேஜர் வந்துவிடும். கூடவே சி ஆக்மென்டட், பி டிமினிஷ்ட், ஜி ஷார்ப் டிமினிஷ்ட் மூன்றும் வரும். பக்திப் பாட்டுக்கு அவை கரகரப்பு, முதலில் நீக்கிவிடுங்கள். ஏ மைனர், டி மைனர், எஃப், ஈ – இந்த நான்கே ஒரு பல்லவிக்குத் தாராளம். அடி முடிந்து மீண்டும் எடுப்புக்குத் திரும்பும் இடத்தில் ஈ செவன்த் வையுங்கள்; ஈ, ஜி ஷார்ப், பி, டி நான்குமே ராகத்துக்குள் இருப்பவை.

இன்னொன்று: மென்பொருள் எல்லா கார்டையும் அடிசுரத்திலிருந்தே அடுக்கினால் கை தாவுவது போலக் கேட்கும். ஏ-சி-ஈ அடுத்து எஃப் வந்தால் ஏ-சி-எஃப் என்று பிடியுங்கள். ஒரு விரல்தான் நகரும்.

கேள்வி: உருமிக்கு ஏற்ற 6/8 நடையில் பாட்டு. கார்ட் மாறும் இடம் மட்டும் தாளத்தோடு சேரவில்லையே?
– அதே வாசகர்

பதில்: புதிய கோப்பு பொதுவாக 4/4-இல்தான் திறக்கும். கார்ட் போடுவதற்கு முன்பே 6/8 ஆக்குங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே போட்டவை பழைய இடத்திலேயே கிடக்கும். வேகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பல மென்பொருள்கள் கால் சுரத்தை (குவார்ட்டர் நோட்) எண்ணும். நீங்கள் பாதத்தால் தட்டும் ஒவ்வொரு தட்டும் ஒன்றரை குவார்ட்டர் நோட் நீளம். நிமிடத்துக்கு 90 தட்டு வேண்டுமானால் 135 என்று கொடுக்க வேண்டும்.

பாடகரின் சுருதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஏ என்பது 6 கட்டை. பாடுபவர் ஒன்றரைக் கட்டைக்காரர், அதாவது சி ஷார்ப் சுருதி என்றால் மொத்தக் கார்டையும் 4 அரை சுரம் மேலே தள்ளுங்கள். ஏ மைனர் சி ஷார்ப் மைனராகிவிடும்.