ஆட்டோரிமூவ் கேட்டால் உடனே 'ஒய்' அடிக்கலாமா?

கேள்வி: உபுண்டுவில் ஒரு வீடியோ எடிட்டரை நீக்கினேன். அதிலிருந்து ஆப்ட்டில் (மென்பொருள்களைப் பேக்கேஜ் என்ற பொட்டலங்களாகப் போடவும் நீக்கவும் உதவும் கருவி) எதைச் செய்தாலும் 'இந்தப் பேக்கேஜ்கள் இனி தேவையில்லை, ஆட்டோரிமூவ் கொடுத்து நீக்கலாம்' என்று ஒரு பட்டியல் வருகிறது. நான் தினமும் டெர்மினலில் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக்கும் (வீடியோ, ஆடியோ ஃபைல்களை மாற்றும் கருவி) அதில் இருக்கிறது! தேவையில்லை என்று எதை வைத்துச் சொல்கிறது? (கோவை வாசகர்)

பதில்: முதலில், இப்போதைக்கு 'ஒய்' (ஆம்) அடிக்காதீர்கள். நீங்கள் ஒரு மென்பொருளைத் தினமும் திறக்கிறீர்களா, வருஷத்துக்கு ஒருமுறையா என்பதெல்லாம் ஆப்ட்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: இதை நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டீர்களா, அல்லது வேறொன்றுக்குத் தேவை என்று தானாக வந்ததா. எடிட்டரைப் போட்டபோது எஃப்எஃப்எம்பெக் அதன் கூடவே வந்திருக்கும், நீங்களும் 'அட, இதுவும் இருக்கிறதே' என்று பயன்படுத்த ஆரம்பித்திருப்பீர்கள், ஆனால் ஆப்ட்டின் பதிவில் அது இன்னும் 'தானாக வந்தது'தான்.

அந்தப் பதிவை நீங்களே பார்க்கலாம். 'வார்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'லிப்', அதற்குள் 'ஆப்ட்' என்று போனால் 'எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கும், சாதாரண டெக்ஸ்ட்தான். பேக்கேஜ் பெயர், ஆர்க்கிடெக்சர் (எந்த வகை பிராசஸருக்கானது), அதன் கீழே 'ஆட்டோ-இன்ஸ்டால்டு: 1', அதாவது தானாக வந்தது. அவ்வளவுதான். ஒரு பேக்கேஜின் பெயர் அதில் இல்லவே இல்லை என்றால் அது நீங்கள் கேட்டுப் போட்டது, அதாவது மேனுவல் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் வைத்துக்கொள் என்பதுதான் கணக்கு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஆட்டோரிமூவ் மேனுவல் பேக்கேஜ்களிலிருந்து கிளம்பி, அவற்றுக்கு என்னென்ன வேண்டும், அவற்றுக்கு வேறென்ன வேண்டும் என்று சங்கிலியாகப் போய்ப் பார்க்கும். 'ரெக்கமண்ட்ஸ்' என்று பரிந்துரைக்கப்பட்டவற்றையும் வழக்கமாக விட்டுவைக்கும். இந்தச் சங்கிலி எதிலும் சிக்காத ஆட்டோ பேக்கேஜ்கள்தான் உங்கள் பட்டியலில் வருபவை.

சரி, என்ன செய்வது? 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று அடித்து எஃப்எஃப்எம்பெக் பெயரைக் கொடுங்கள், பதிவில் அது மேனுவல் ஆகிவிடும். ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜைத் திரும்ப 'ஆப்ட் இன்ஸ்டால்' செய்தாலும் இதேதான் நடக்கும், புதிய பதிப்பு வந்திருக்காவிட்டால் எதுவும் இறங்காமல் 'செட் டு மேனுவலி இன்ஸ்டால்டு' என்று ஒரு வரி மட்டும் வரும். அப்புறம் பட்டியலில் மிச்சம் இருப்பதை நிதானமாகப் படித்துவிட்டு நீக்குங்கள்.

கேள்வி: ஒரு மென்பொருளின் டெப் ஃபைலை (உபுண்டு பேக்கேஜ் வரும் ஃபைல்) டிபிகேஜி மூலம் (தேவையானவற்றைத் தானாகத் தேடி எடுக்காத கருவி) போட்டேன், அது கேட்ட லைப்ரரிகளையும் ஒவ்வொன்றாக நானே 'ஆப்ட் இன்ஸ்டால்' செய்தேன். மென்பொருளை நீக்கியும் லைப்ரரிகள் போகவில்லையே? (மதுரை மாணவர்)

பதில்: போகாது. நீங்கள் பெயர் சொல்லிப் போட்டதால் அத்தனையும் மேனுவல். 'ஆப்ட்-மார்க் ஆட்டோ' என்று கொடுத்து அந்த லைப்ரரிகளின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள், வேறு எதற்கும் தேவைப்படாதவை அடுத்த ஆட்டோரிமூவில் போய்விடும். இனிமேல் டெப் ஃபைலையே 'ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் போடுங்கள், பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து. தேவையான லைப்ரரிகளை ஆப்ட்டே தேடி எடுத்து, ஆட்டோ என்று குறித்தும் வைத்துவிடும்.

கேள்வி: மற்ற லினக்ஸ்களிலும் இப்படித்தானா? (சேலம் வாசகர்)

பதில்: ஏறக்குறைய. ஆர்ச்சில் ஆப்ட்டின் வேலையைச் செய்யும் பேக்மேன், தானாக வந்த பேக்கேஜ்களின் விவரத்தில் 'ரீசன்' என்று காரணத்தைக் குறித்துவைக்கும். ஃபெடோராவில் அதே வேலையைச் செய்யும் டிஎன்எஃப், ஒன்றை நீக்கும்போதே, அதற்காக வந்து இனி யாருக்கும் தேவைப்படாதவற்றையும் சேர்த்து நீக்கிவிடும், அதனால் அங்கே 'ஒய்' அடிக்கும் முன்பே பட்டியலைப் படியுங்கள். ஜென்டூ நேர் எதிர்: தானாக வந்தவற்றை அல்ல, நீங்கள் கேட்டவற்றைத்தான் 'வேர்ல்டு' என்ற ஃபைலில் எழுதிவைக்கிறது, ஒரு வரிக்கு ஒரு பெயர். புது மெஷினுக்கு மாறும்போது அந்த ஒரு ஃபைல் கையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.