வீஆரில் ரயில் சிமுலேட்டர் விளையாடுவது செலவழிக்கும் காசுக்குத் தகுமா?

திரையில் ரயில் ஓட்டிப் பழகிவிட்டீர்கள், வீஆர் ஹெட்செட் (கண்ணை மூடித் தலையில் மாட்டும் திரை, ரயிலுக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும்) வாங்கினால் உண்மையில் வித்தியாசம் தெரியுமா, தலை சுற்றாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் தெரியும். தலைசுற்று முதல் சில நாட்களுக்கு இருக்கும், பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். கேள்வியை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருக்கும், வீட்டில் சொல்லாமல் மாதாமாதம் காசு சேர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் சேர்த்தேன். அதனால் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அப்பா உதவிச் சாரதியாகச் சேர்ந்து, எஞ்சின் சாரதியாக ஓய்வு பெற்றவர். 1954 இல் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் கனடா கொடுத்த எம்2 எஞ்சின்களை ஓட்டியிருக்கிறார். ஒன்டாரியோ, அல்பேர்டா என்று கனடா மாகாணங்களின் பெயரெல்லாம் அவற்றுக்கு இருந்தன. 2001 இல் மைக்ரோசொப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்தபோது நான் பாடசாலை மாணவன். நண்பன் வீட்டுக் கொம்பியூட்டரில் அதை அப்பாவுக்குக் காட்டினேன். எஞ்சினுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்க கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். "தலையை நீட்டுறதுக்குப் பொத்தானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக அவரிடம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கட்டாரிலிருந்து வந்த மச்சான் தான் பாவித்த குவெஸ்ட் 2 ஹெட்செட்டை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்தார். அதற்கேற்ற கிராஃபிக்ஸ் கார்ட்டுக்குத்தான் நான் காசு சேர்த்தேன். டீரெய்ல் வேலி என்ற விளையாட்டை வாங்கினேன். 2019 இல் வெளிவரத் தொடங்கியபோதே வீஆருக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது அது. லீவரை உங்கள் கையாலேயே பிடித்து இழுக்கலாம். பெட்டிகளைக் கோர்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கி, குனிந்து, கொக்கியை மாட்டி, திருகை முறுக்கி, பிரேக் குழாயை இணைத்து, அதன் குமிழைத் திறக்க வேண்டும். குழாயையோ குமிழையோ மறந்தால் பின்னால் வரும் பெட்டிகளுக்கு பிரேக் பிடிக்காது. திரையில் இதை எலியால் சொடுக்கிவிட்டுப் போவோம். வீஆரில் முதுகு வலிக்கும். நான் சொல்லும் வித்தியாசம் அந்த வலிதான்.

அப்பா அதைப் போட்டுப் பார்த்த நாள் சந்தோஷமான நாள் இல்லை. அன்று காலை அவருடைய பென்சன் விஷயமாக ஒரு காரியாலயத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. முழுக்கச் சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். கிழக்கு மாகாணத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் கிழவனுக்கு அவர் வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு பக்கம் அனுப்ப இன்றுவரை கை வரவில்லை. அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள், அவர்கள் இன்றும் போன் எடுத்துச் சுகம் விசாரிக்கிறார்கள். எழுத்து மட்டும் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் பக்கத்துக் கடை முதலாளியிடம் ஓடினேன். பிறந்த திகதியை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக அரை நாள் அவர் விறாந்தையில் முகம் செத்து உட்கார்ந்திருந்தார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அன்று அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஹெட்செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவருடைய மூக்குக்கண்ணாடி உள்ளே போகவில்லை. கழற்றிவிட்டுத்தான் போட்டார். பெரிய டீசல் எஞ்சினின் சாரதி இருக்கையில் உட்கார வைத்தேன், வீட்டில் அது ஒரு பிளாஸ்டிக் கதிரை. முதலில் எந்த லீவரையும் தொடவில்லை. வலது பக்கம் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கடைசிவரை பார்த்தார். பிறகு, "மண் எங்க இருக்கு?" என்று கேட்டார். சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மண் தூவும் விசையைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த விசை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. தேடிக் காட்டினேன்.

பிரேக்கை இரண்டு தரம் போட்டு விட்டுப் பார்த்துவிட்டு, "இது காத்து பிரேக்கடா. எங்களுக்கு வாக்கூம்" என்றார். அவர் ஓட்டிய வண்டிகளில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடும், காற்றை உள்ளே விட்டால் பிடிக்கும். இந்த விளையாட்டில் குழாய்க்குள் அழுத்தக் காற்று நிற்கும், அதை வெளியே விட்டால் பிடிக்கும். மறுபடி காற்று நிரம்ப நேரம் எடுக்கும். கை அதற்குப் பழகியதும் ஓட்டத் தொடங்கினார். மேடு வந்தபோது எஞ்சின் சத்தம் மாறியது. "அம்பியர் எத்தனை?" என்றார். சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அளவைத்தான் கேட்டார். அவருக்கு எண் தெரியவில்லை, நான் கொம்பியூட்டர் திரையைப் பார்த்து வாசித்துச் சொன்னேன். உடனே ஒரு படி குறைத்தார். மோட்டார் சூடேறுமாம். அதே மேட்டில் நான் இரண்டு தடவை மோட்டாரை எரித்திருக்கிறேன்.

ஒரு நிலையத்தை நெருங்கும்போது இடது கையை மடக்கி வெளியே நீட்டினார். கை அலுமாரியில் இடித்தது. அவர் காலத்தில் ஒற்றைத் தடத்தில் போவதற்கு டேப்லட் வாங்க வேண்டும். பிரம்பு வளையத்தில் கட்டிய தோல் பைக்குள் ஒரு உலோக வட்டு இருக்கும், அது கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்குப் போகக் கூடாது. ஓடும் எஞ்சினிலிருந்து வளையத்தை முழங்கையில் மாட்டி எடுப்பார்கள். விளையாட்டில் அது இல்லை. கை தானாகப் போயிருக்கிறது.

இருட்டிய பிறகு காட்டுக்குள் தடம் போனது. வேகத்தை நன்றாகக் குறைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் நீளமாக ஹோர்ன் அடித்தார். கொழும்பு போகும்போது கந்தளாய், கல்லோயா, ஹபரணை தாண்டித்தானே போக வேண்டும். 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில் ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் செத்தபோது அப்பா இரண்டு நாள் டீவி போடவிடவில்லை. "அப்பா, இதில ஆனை இல்ல" என்றேன். "தெரியும்" என்றார். அடுத்த வளைவிலும் அடித்தார்.

ரயில் நிலையம் வாசலில் இருக்கும்போது பொய் ரயில் எதற்கு என்று சிலர் எழுதுவீர்கள். நிலையத்துக்குப் போனால் பெஞ்சில் உட்காரலாம், கொழும்புக்கு டிக்கெட் எடுக்கலாம். சாரதி இருக்கையில் உட்கார யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. விற்கிற விலைவாசியில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், நான் கடன் வாங்கவில்லை, பிள்ளைகளின் டியூஷன் காசில் கை வைக்கவில்லை. வயதானவருக்கு இதைப் போடுவது ஆபத்து என்பது நியாயமான பேச்சு. அதனால்தான் அவரை ஒருபோதும் நின்றுகொண்டு விளையாட விடுவதில்லை, இருபது நிமிடத்துக்கு மேல் போவதும் இல்லை.

சரி, உங்கள் தலைசுற்றுக்கு வருகிறேன். கண் ஓடுகிறது என்கிறது, சமநிலையை உணரும் உட்காது நிற்கிறது என்கிறது, அந்தச் சண்டைதான் குமட்டல். எஞ்சின் அறைக்குள் உட்கார்ந்து ஓட்டும்போது உங்களைச் சுற்றி அசையாத சட்டம் ஒன்று இருப்பதால் அது குறைவு. கீழே இறங்கி நடக்கும்போதுதான் வரும், ஆகவே நடப்பதற்குப் பதிலாக இடம் விட்டு இடம் தாவும் தெரிவைப் போடுங்கள். படத்தின் அழகைக் குறைத்தாவது திரையில் மாறும் படம் நொடிக்கு 72 பிரேமுக்குக் கீழே போகவிடாதீர்கள். முகத்துக்கு நேரே ஃபான் வையுங்கள். இங்கே ஆடி மாதக் கச்சான் காற்றில் அது இல்லாமல் ஐந்து நிமிடத்தில் லென்ஸ் வியர்த்துவிடும். லாப்டொப் பழையதென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள், விக்கி விக்கி ஓடும் ரயில் குடலைப் பிரட்டும். ட்ரெயின் சிம் வேர்ல்ட் என்ற இன்னொரு ரயில் விளையாட்டை வீஆரில் பார்க்க யூஈவீஆர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, படம் அருமை. ஆனால் கையால் லீவர் பிடிக்கும் சுகத்துக்கு முதலில் டீரெய்ல் வேலியை எடுங்கள்.

பாவித்த ஹெட்செட் வாங்கினால் மூக்குக்கண்ணாடிக்காரருக்கான இடைவெளி வளையம் கூட வருகிறதா என்று கேளுங்கள், பலர் அதைத் தொலைத்திருப்பார்கள். லென்ஸ் இடைவெளியையும் மூன்று நிலையிலும் நகர்த்திப் பாருங்கள். எங்கள் வளையம் மச்சானின் பழைய பெட்டியில் பிறகு கிடைத்தது. இப்போது அப்பா கண்ணாடியோடுதான் ஓட்டுகிறார், மீட்டரில் உள்ள எண்ணெல்லாம் அவருக்குத் தெரிகிறது. ஆனாலும் மேடு வந்தால் "அம்பியர் எத்தனை?" என்று என்னைத்தான் கேட்கிறார். நான் திரையைப் பார்த்துச் சொல்கிறேன்.