புள்ளி புள்ளி சாய்வுக்கோடு: சேலத்துக்காரர்கள் கேட்டவை

சேலத்திலும் ஏற்காட்டிலும் சொந்தமாக வெப்சைட் வைத்து வியாபாரம் செய்பவர்கள், அதைக் கட்டித் தருபவர்கள், காலேஜ் பிள்ளைகள் எனப் பலர் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே டைரக்டரி டிராவர்சல் என்ற ஒரே ஓட்டையைச் சுற்றி வருபவை. வெப்சைட்டுகளின் பாதுகாப்பைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: சார், மொத்த வியாபாரிகள் பில்லை டவுன்லோட் செய்துகொள்ள எங்கள் சைட்டில் வசதி இருக்கிறது. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆள் வைத்துச் சோதித்துவிட்டு, ‘டைரக்டரி டிராவர்சல் இருக்கிறது, சரிசெய்யும் வரை ஆர்டர் இல்லை’ என்கிறார். அப்படி என்ன சார் அது?

உங்கள் பில் லிங்க்கின் கடைசியில் ‘ஃபைல்=’ என்று வந்து, அதன் பின்னால் பில்லின் பெயர் இருக்கும், பாருங்கள். அங்கேதான் விஷயம். லீ பஜார் குடோனில் சீட்டில் எழுதியதை அப்படியே எடுத்து வரும் பையன் இருப்பானே, சர்வரும் அந்த ரகம்தான். ‘பின்வாசல் வழியாகப் போய், முதலாளி அறை பீரோவில் இருக்கும் சாவிக்கொத்து’ என்று எழுதிக் கொடுத்தாலும் போய் எடுத்து வந்துவிடுவான்.

சர்வருக்கு ‘../’ என்றால் ஒரு படி மேலே இருக்கும் ஃபோல்டர். பில் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘../../’ என்று அடுக்கி, கடைசியில் வேறொரு ஃபைலின் பெயரைப் போட்டால், பில் ஃபோல்டரை விட்டு வெளியேறி அந்த ஃபைலைக் கொடுத்துவிடும். எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணக்கூடத் தேவையில்லை. லினக்ஸில் உச்சியில் இருக்கும் ரூட்டுக்கு மேலே போகச் சொன்னால் ரூட்டிலேயேதான் நிற்கும். அதனால் பத்துப் பன்னிரண்டு முறை அடுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

சரிசெய்வது சுலபம். ஃபைல் பெயரை வெளியாளிடம் கேட்கவே வேண்டாம். பில் எண்ணை மட்டும் வாங்கி, லாகின் செய்திருப்பவருடைய பில்தானா என்று டேட்டாபேஸில் பார்த்து, ஃபைலைச் சர்வரே தேர்ந்தெடுக்கட்டும். நடுவில் இருக்கும் அந்தச் சோதனையை விட்டுவிட்டால், எண்ணை மாற்றிப் போட்டு அடுத்த கடைக்காரரின் பில்லைப் பார்க்கலாம். அது தனி ஓட்டை, ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகத்தான் கண்ணில் படும்.

கருப்பூர், இன்ஜினியரிங் மாணவர்: அண்ணா, நான் ‘../’ வந்தால் அதை நீக்கிவிடுகிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டேன். போதும்தானே?

போதாது தம்பி. கையோடு சோதித்துப் பாருங்கள். ‘....//’ என்று அனுப்புங்கள். நான்கு புள்ளி, இரண்டு சாய்வுக்கோடு. உங்கள் வரி நடுவில் இருக்கும் ‘../’ என்ற மூன்று எழுத்தைக் கண்டுபிடித்து நீக்கும். முன்னால் இரண்டு புள்ளி, பின்னால் ஒரு சாய்வுக்கோடு மிச்சம். சேர்த்துப் படித்தால் மறுபடியும் ‘../’. எதைத் தடுக்க நினைத்தீர்களோ, அதை உங்கள் நிரலே தயாரித்துக் கொடுத்துவிட்டது.

சரி, மிச்சமில்லாமல் போகும்வரை திரும்பத் திரும்ப நீக்கினால்? அடுத்த வேஷம் வரும். புள்ளியையும் சாய்வுக்கோட்டையும் விழுக்காட்டுக் குறியோடு எண்ணாக எழுதி அனுப்பலாம். அந்த விழுக்காட்டுக் குறியையே இன்னொரு முறை அதே மாதிரி எழுதினால் இரட்டை வேஷம். நீங்கள் ஒரு முறை பிரித்துப் பார்த்து ‘சுத்தம்’ என்று விட்டதை, பின்னால் இருக்கும் இன்னொரு நிரல் மறுபடி பிரித்தால் கதை முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் 2000-ஆம் ஆண்டு இப்படி ஒன்று அகப்பட்டது. சாய்வுக்கோட்டை யூனிகோடில் தேவைக்கு மேல் நீட்டி எழுதினால், சோதனை நடக்கும்போது அது சாய்வுக்கோடாகத் தெரியாது, ஃபைலைத் திறக்கும்போது தெரியும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பரவிய நிம்டா என்ற வார்ம் (தானாகவே பரவும் தீய நிரல்) நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று.

எழுத்தைப் பார்க்காதீர்கள், போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். பிஹெச்பியில் ‘ரியல்பாத்’, ஜாவாவில் ‘கெட் கனானிகல் பாத்’ என்று பெரும்பாலான நிரல் மொழிகளில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது புள்ளிகளையெல்லாம் தீர்த்து, சிம்லிங்க்கையும் (வேறொரு இடத்தைக் காட்டும் குறுக்குவழி) பின்தொடர்ந்து, உண்மையான முழுப் பாதையைக் கொடுக்கும். அந்தப் பாதை உங்கள் ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று அதற்கு அப்புறம் பாருங்கள்.

இதிலும் ஒரு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். ஃபோல்டர் ‘/தளம்/பில்’ என்று வையுங்கள். பாதை இப்படித் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் ‘/தளம்/பில்பழசு’ ஃபோல்டரும் தேறிவிடும், அதுவும் அப்படித்தானே தொடங்குகிறது! கடைசிச் சாய்வுக்கோட்டையும் சேர்த்து ‘/தளம்/பில்/’ என்று ஒப்பிட வேண்டும். தொழிலில் பல வருடம் இருப்பவர்களின் நிரலிலும் இதைப் பார்க்கிறேன்.

ஆத்தூர், ஃப்ரீலான்ஸ் டெவலப்பர்: ஜூம்லாவில் (வேர்ட்பிரஸ் மாதிரி சைட் கட்டும் மென்பொருள்) கட்டிய ஒரு பழைய சைட்டைப் பராமரிக்கிறேன். அதில் ஒரு மாட்யூல், லிங்க்கில் வரும் பெயரோடு கடைசியில் ‘.பிஹெச்பி’ என்று ஒட்டித்தான் ஃபைலை இன்க்ளூட் செய்கிறது. வேறு ஃபைலைத் திறக்க முடியாதே?

சர்வரில் ஓடுவது எந்த பிஹெச்பி? 5.3.4-க்கு முந்தையது என்றால் முடியும். பெயரின் கடைசியில் ஒரு வெற்று பைட்டைச் சேர்த்து அனுப்பினால், அடியில் இருக்கும் சி மொழி அதோடு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒட்டிய வால் கீழே விழுந்துவிடும். 2010 வாக்கில் ஜூம்லா காம்பொனென்ட்டுகளில் வரிசையாக அகப்பட்ட ஓட்டைகளில் பலவற்றுக்கு, ‘கண்ட்ரோலர்’ என்ற பெயரில் வந்ததை அப்படியே இன்க்ளூடுக்குக் கொடுத்ததும் இந்த வெற்று பைட்டும்தான் காரணம்.

பிஹெச்பி புதிது என்றாலும் நிம்மதி வேண்டாம். ஃபைலைப் படித்துக் காட்டுவது வேறு, இன்க்ளூட் செய்வது வேறு. இன்க்ளூட் என்றால் உள்ளே இருப்பது ஓடும். சர்வரில் எங்காவது தன் நிரலை ஒரு ஃபைலாக விட்டுவைக்க முடிந்த ஆள், அதை இந்த வழியாக ஓடவிடுவான். அனுமதிக்கும் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். ஐந்தாறு பெயர்தானே இருக்கும்?

ஏற்காடு, லாட்ஜ் உரிமையாளர்: தம்பி, எங்கள் சைட்டில் ரூம் ஃபோட்டோவும் ஏரிப் படமும்தான் இருக்கிறது. வேர்ட்பிரஸ், ஒரு ஸ்லைடர் ப்ளகின், புக்கிங் ஃபார்ம். இதில் போய் யார் எதைத் திருடப் போகிறார்கள்?

அக்கா, புக்கிங் ஃபார்மில் ஆதார் காப்பியை அப்லோட் செய்யச் சொல்கிறீர்களா? வெளிநாட்டுக்காரர் வந்தால் பாஸ்போர்ட் காப்பி வாங்குகிறீர்களா? அவை எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்று உங்கள் டெவலப்பரிடம் கேளுங்கள். ரூம் ஃபோட்டோ இருக்கும் அதே அப்லோட்ஸ் ஃபோல்டர் என்று பதில் வந்தால், முதல் வேலையாக அவற்றை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வெப் ஃபோல்டருக்கு வெளியே, லாகின் இல்லாமல் எட்டாத இடத்தில்தான் அவை இருக்க வேண்டும்.

ஸ்லைடர் என்றதும் நினைவுக்கு வருவது 2014. ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிரபலமான ப்ளகினில், படத்தின் பெயர் கேட்கும் இடத்தில் ‘../’ போட்டு வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் ஃபைலையே இறக்க முடிந்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதில்தான் இருக்கும். திருத்திய பதிப்பு முன்பே வந்துவிட்டது. ஆனால் பலரிடம் அந்தப் ப்ளகின், வாங்கிய தீமோடு சேர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது. தங்களிடம் அது இருப்பதே தெரியாதவர்கள் எங்கே அப்டேட் செய்வது? உங்கள் தீமிலும் கூடவே என்னென்ன வந்தது என்று ஒரு பட்டியல் வாங்கி வையுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ், ஹோஸ்டிங் பார்ப்பவர்: ப்ளகின் சின்ன ஆள் எழுதியது, சரி. அபாச்சி மாதிரி பெரிய சர்வரிலுமா இது வரும்?

வந்தது. 2.4.49 பதிப்பில் பாதையைச் சீராக்கும் பகுதியை மாற்றி எழுதினார்கள். இரண்டாவது புள்ளியை மட்டும் விழுக்காட்டுக் குறியோடு எழுதினால் அது கண்டுகொள்ளவில்லை. 2021 அக்டோபர் 4-இல் 2.4.50 வந்தது. இரட்டை வேஷத்துக்கு அதுவும் ஏமாந்தது. 7-ஆம் தேதி 2.4.51 வந்த பிறகுதான் அடைபட்டது. சிஜிஐ (சர்வர் வேறு நிரல்களை ஓட்டும் வசதி) ஓடும் சர்வர்களில் ஃபைல் படிப்பதோடு நிற்காமல் கட்டளையே ஓட்ட முடிந்தது. அதிலும் தப்பியவர்கள் உண்டு. ரூட் ஃபோல்டருக்கு ‘எல்லாருக்கும் மறுப்பு’ என்று இருக்கும் இயல்பு செட்டிங்கைக் கை வைக்காமல் விட்டவர்கள்.

இளம்பிள்ளை, சேலை வியாபாரம்: தறிக்காரர்கள் டிசைன் ஃபோட்டோக்களை ஜிப்பாகப் போட்டால் சைட் தானே பிரித்து அடுக்கிவிடும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இது இன்னும் மோசம். ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலின் பெயரிலேயே ‘../../’ என்று வைக்க முடியும். பிரிக்கும் நிரல் அதை நம்பினால் ஃபோட்டோ ஃபோல்டருக்கு வெளியே போய் எழுதும், ஏற்கனவே இருக்கும் ஃபைல் மேலேயே எழுதினாலும் எழுதும். படிப்பதற்குப் பதில் எழுதுவது, அவ்வளவுதான் வித்தியாசம். 2018-இல் ஸ்னிக் நிறுவனம் இதை ‘ஜிப் ஸ்லிப்’ என்று பெயரிட்டு வெளியிட்டபோது பல மொழிகளின் லைப்ரரிகள் மாட்டின. அடுத்த ஆண்டு, ஜிப் போன்றவற்றைப் பிரிக்கும் வின்ரார் மென்பொருள் மாட்டியது. ஏஸ் என்ற பழைய வகைச் சுருக்க ஃபைலைப் பிரிக்கும் அதன் பழைய லைப்ரரியில் 19 வருடமாக இந்தக் குறை இருந்திருக்கிறது. பைத்தான் மொழியில் டார் (ஜிப் மாதிரி இன்னொரு கட்டு) பிரிக்கும் மாட்யூலில் இதே குறை 2007-இலேயே பதிவானது. பாதுகாப்பான முறை தானாகவே அமலாகும்படி மாறியது 3.14 பதிப்பில்தான்.

ஜிப் சொல்லும் பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் சைட்டே ஒரு எண்ணைப் பெயராக வைக்கட்டும். சேலை டிசைனுக்கு ஃபைல் பெயர் எதற்கு?

ஐந்து ரோடு, பைத்தான் டெவலப்பர்: நான் ‘பாத் ஜாயின்’ ஃபங்ஷன் போட்டுத்தான் ஃபோல்டரையும் பெயரையும் சேர்க்கிறேன். போதுமா?

பைத்தானில் இரண்டாவதாக வரும் பெயர் ‘/’ என்று தொடங்கினால், முன்னால் நீங்கள் கொடுத்த ஃபோல்டரை அது அப்படியே கைவிட்டுவிடும். ஒரு புள்ளிகூடத் தேவையில்லை. சேர்த்த பிறகு, மேலே சொன்ன இடச் சோதனையைச் செய்யுங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் பின்சாய்வுக்கோடும் அதே வேலையைச் செய்யும்.

அஸ்தம்பட்டி, கடை மேனேஜர்: யாராவது ஏற்கனவே முயற்சி செய்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

ஹோஸ்டிங்கில் ஆக்சஸ் லாகை இறக்கி, ‘..’ என்று தேடுங்கள். இப்படி ஒரு வரி அகப்படும் (அதில் கேட்டிருப்பது லினக்ஸ் சர்வரின் பயனர் பட்டியல் ஃபைல்):

“கெட் /பில்?ஃபைல்=../../../../இடிசி/பாஸ்வேர்ட்” 404 512

முயற்சி நடந்ததற்காகப் பயப்பட வேண்டாம். இணையத்தில் இருக்கும் எந்த சைட்டையும் தானியங்கி நிரல்கள் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 404, 403 என்றால் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 200 என்றால் அடுத்த எண்ணுக்கு வாருங்கள், அது எத்தனை பைட் போனது என்ற கணக்கு. சில சைட்டுகள் பிழைப் பக்கத்தையும் 200 என்றே அனுப்பும். அப்போது எல்லா வரியிலும் ஒரே அளவு இருக்கும். ஒரு வரியில் மட்டும் அளவு வேறாக இருந்தால் அங்கே ஏதோ வெளியே போயிருக்கிறது. விழுக்காட்டுக் குறி வேஷத்தையும் தனியாகத் தேடுங்கள். போஸ்ட் முறையில் வந்தவற்றின் உள்ளடக்கம் சாதாரண லாகில் பதிவாகாது என்பதால், ஃபார்ம் வழியாக வந்ததை இதில் பார்க்க முடியாது.

அப்படி ஏதாவது ஃபைல் வெளியே போயிருந்தால், ஓட்டையை அடைத்த கையோடு டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் ஏபிஐ சாவிகளையும் (வேறு சேவைகளோடு சைட் பேசப் பயன்படும் ரகசியக் குறியீடுகள்) மாற்றுங்கள். 2022-இல் வந்த உத்தரவின்படி, இப்படிப்பட்ட ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஓமலூர், மாணவர்: அண்ணா, ஒரு கடையின் சைட்டில் ‘../’ போட்டுப் பார்க்கலாமா? உதவிதானே?

அனுமதி வாங்காமல் வேண்டாம் தம்பி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. கை பழக வேண்டுமென்றால், ஓட்டையோடு வேண்டுமென்றே செய்து வைத்திருக்கும் டிவிடபிள்யூஏ போன்றவற்றை உங்கள் லேப்டாப்பிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கு மேல் தோண்டாமல் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். அவர் காது கொடுக்கவில்லை என்றால் செர்ட்-இன் வழியாகச் சொல்லலாம்.

சூரமங்கலம், டிராவல்ஸ்: அட்ரஸ் பாரில் பூட்டுப் படம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

காப்பாற்றாது. அது வழியில் போகும் தகவலை மறைக்கும். திருடனுக்குப் போகும் ஃபைலையும் பத்திரமாக மறைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அம்மாபேட்டை, கைத்தறிக் கடை: சந்தேகமான ப்ளகினை டீஆக்டிவேட் செய்துவிட்டோம். போதுமா சார்?

போதாது. வேர்ட்பிரஸ் அதை ஏற்றாது, அவ்வளவுதான். ஃபைல்கள் சர்வரில் அப்படியே இருக்கும். அதில் இருக்கும் பிஹெச்பி ஃபைலை நேரடி லிங்க் போட்டு யாராவது கூப்பிட்டால் அது பாட்டுக்கு ஓடும். டெலீட் கொடுங்கள். அப்புறம் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் ப்ளகின்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அந்தப் பெயரில் ஃபோல்டர் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். ‘பேக்கப்’, ‘ஓல்டு’ என்று பழைய டெவலப்பர் விட்டுப்போன நகல் எங்காவது இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.