குரங்குக்கும் தேவருக்கும் ஒரே சீர்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்' என்ற அடியில் மோனை இருப்பதாக அவளுடைய ஆசிரியை சொன்னாராம். 'வா'வும் 'ம'வும் எப்படி மோனையாகும்? இப்படிச் சீர்சீராகப் பிரித்தால் பாட்டின் உயிர் போய்விடாதா?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள அம்மையீர்,

ஆசிரியை சொன்னது சரியே. சீர்களின் முதலெழுத்து ஒத்தோ இனமாகவோ வருவதுதான் மோனை. சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையில் இனம். அகரமும் ஆகாரமும் அவ்வாறே. ஆகவே முதற்சீரின் 'வா'வுக்கு மூன்றாம் சீரின் 'ம' பொழிப்பு மோனையாகிறது. இரண்டுமே இதழின் துணையால் பிறக்கும் எழுத்துகள் என்பதால், கண்ணுக்குத் தெரியாத இந்த உறவு வாய்விட்டுச் சொல்லும்போது தெரிந்துவிடும்.

அடுத்த அடியையும் சேர்த்துப் பாருங்கள்: 'மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்'. வான்கவிகள் என்றது இங்கே தேவர்களை. முதலடியில் வா, ம என்று வந்த ஒலி இங்கே ம, வா என்று திரும்புகிறது. கொடுத்துக் கொஞ்சுகிற காட்சியும் கேட்டுக் கெஞ்சுகிற காட்சியாகத் திரும்புகிறது. அலகிட்டால், அதாவது சீர்களை அசையசையாகப் பிரித்து வாய்பாடு சொன்னால், இரண்டடிகளும் கூவிளங்காய், கருவிளங்காய், கூவிளங்காய், தேமா என்றே வரும், ஓர் அசைகூட மாறாது. இந்நூலைப் பாடிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குரங்கையும் தேவரையும் ஒரே நடையில் நடக்க வைத்திருக்கிறார் என்பதை, பிரித்துப் பார்க்காமல் நான் கண்டிருக்க மாட்டேன். ('கவி' என்ற சொல்லுக்குக் குரங்கு, புலவர் என்ற பொருள்களும் உண்டு, தம் இனத்தாரையும் அவர் கெஞ்ச விட்டாரோ என்று எனக்கு ஓர் ஐயம்.)

தேனருவியின் அலை வானளவு எழும்பி வழிவதால் 'செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்' என்பது உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்திச் சொல்லும் அணி. குதிரைக்குக் கால், தேருக்குச் சக்கரம் என ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. முந்தைய அடிகளில் குறில்கள் ஓடிய இரண்டாம் சீரில் இங்கே 'கா' நெடிலாக நிற்கிறது. அடுத்த சீரிலும் அதே 'கா'. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பாறையில் கால் வைத்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் புரியும்.

அடிகளின் இறுதி ஒலி ஒத்து வரும் இயைபுக்குக் கொஞ்சும், கெஞ்சும், அழைப்பர், விளைப்பர், ஒழுகும், வழுகும் எனச் சோடி சோடியாக வந்து, 'காரர்', 'மலையே' என்ற கடைசிச் சோடியில் மட்டும் இல்லாமற்போகிறது. இந்தப் பாட்டைப் பாடும் குறத்தி தன் மலையை 'எங்கள் மலையே' என்று உரிமை கொண்டாடும் இடம் அது. கவிராயர் அங்கே இயைபை வேண்டுமென்றே கைவிட்டார் என்றே நான் கொள்கிறேன். அந்த இரண்டடிகளின் மோனை எங்கே போயிற்று என்று உங்கள் மகளையே தேடச் சொல்லுங்கள். 'கூனலிளம்', 'குற்றாலத்' என்று அடிகளின் தலையில் நிற்கிறது.