கருங்கல் சுவர் நடுவில் புடைத்தால்

தோட்டத்துக் கருங்கல் சுவர் நடுவில் புடைத்துவிட்டது, மேலே சிமெண்ட் பூசினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பூசினால் நிற்காதுங்க. புடைத்த பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

காங்கேயம் தோட்டத்தில் நீங்கள் சொல்லும் ஒன்றரை அடி கனச் சுவர் இவ்வளவு சீக்கிரம் வயிறு தள்ளுகிறதென்றால், சுவரின் முன், பின் இரண்டு முகத்தையும் பிடிக்கும் நீளக்கல் வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். நல்ல கல்லை வெளியே அடுக்கிவிட்டு, நடுவில் உடைசலையும் மண்ணையும் கொட்டி மூடியிருப்பார்கள். நடுவில் சில்லு, அதாவது சின்னக் கல் துண்டு, போடுவது தவறில்லை. ஆனால் அதைக் கலவையில் பதித்து, பெரிய கல்லுக்கு இடையே ஆப்பு மாதிரி இறுக்க வேண்டும்.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று கேட்டால் உள்ளே காலி. திரும்பக் கட்டும்போது சுவர் முகத்தில் அரை சதுர மீட்டருக்கு ஒரு நீளக்கல்லாவது குறுக்கே போகட்டும். கொத்தனார் முனகுவார், விடாதீர்கள்.

பின்னால் மண்மேடு இருந்தால் கதை வேறு. தண்ணீர் வடிய ஓட்டை இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஊறிய மண்ணே சுவரைத் தள்ளும். அப்படியென்றால் பொறியாளரிடம் காட்டாமல் ஒரு கல்லையும் உருவாதீர்கள்.