உளமருத்துவத்தில் சீஃப் ரெசிடென்டுக்குக் கொடுக்கும் அனுபவவழித் தலைமைப் பயிற்சி என்றால் என்ன? நம் மலையக வார்டுகளுக்கு அது சரிவருமா?

சீஃப் ரெசிடென்ட் என்பது அமெரிக்கப் பதவி. பெரும்பாலும் கடைசி வருடப் பயிற்சி வைத்தியர், நேற்றுவரை கூட இருந்தவர்களுக்கே இன்று டியூட்டி ரோஸ்டர் போட வேண்டியவர். இங்கே கிட்டத்தட்ட சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணராவதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர், படும் பாடுதான்.

இந்தப் பயிற்சியில் விரிவுரை குறைவு. வட்டமாக உட்கார வைப்பார்கள், நிகழ்ச்சிநிரல் கிடையாது, குழுவைக் கவனிக்கவென்று வந்த ஆலோசகரும் பாடம் எடுக்காமல் குழுவுக்குள் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எப்போதாவது சொல்வார், அதுவே கொஞ்ச நேரத்தில் எரிச்சலைக் கிளப்பிவிடும். சிலர் தலைவரைத் தேடுவார்கள், சிலர் சண்டைக்கு நிற்பார்கள். பியோன் என்ற பிரித்தானிய உளப்பகுப்பாய்வாளர் குழுக்களில் கவனித்து எழுதியது இதைத்தான். 1957இல் லண்டனின் டாவிஸ்டொக் மனித உறவுகள் நிறுவனமும் லெஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய மாநாட்டிலிருந்து இந்த முறை பரவியது.

பதுளை, நுவரெலியா பக்கம்? உதவும் என்றே நினைக்கிறேன். தோட்டத்திலிருந்து வந்த அம்மா தமிழில் சொல்ல, சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியருக்குச் சிற்றூழியர் மொழிபெயர்க்கிறார் என்றால் அந்த நேரம் அதிகாரம் யார் கையில்? தீபாவளி நைட் டியூட்டியை யார் தலையில் கட்டுவது? இதையெல்லாம் பவர்பொயின்ட் பார்த்துப் படிக்க முடியாது. ஆனால் ஒன்று, சொந்த நிபுணரும் அதே வட்டத்தில் உட்கார்ந்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் வேறு ஆஸ்பத்திரி ஆட்களோடு கலந்து நடத்துவதுதான் சரி.