தடாகத்தில் 100 மீற்றருக்கு 2 நிமிடம், பாசிக்குடாக் கடலில் நீந்தும்போது ஏன் கூடுகிறது?

முதல் காரணம் சுவர். 25 மீற்றர் தடாகத்தில் 1500 மீற்றர் நீந்த 59 தடவை திரும்புவீர்கள். ஒவ்வொரு தடவையும் சுவரை உதைத்து வரும் வேகம் கைவீச்சால் வராது. கடலில் அந்த உதை இல்லை. தடாகத்தின் அடியில் நேராகப் போக வழிகாட்டும் கறுப்புக் கோடும் கடலில் இல்லாததால் வளைந்து போய்த் தூரமும் கூடும்.

நீரோட்டம்தான் பெரிய விஷயம். செக்கனுக்கு 0.2 மீற்றர் எதிரோட்டம் உடம்புக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் உங்கள் 2:00 நிமிடம் 2:38 ஆகிவிடும். அதே ஓட்டத்தோடு திரும்பினால் 1:37. போன நட்டம் முழுதாகத் திரும்பாது.

திசை பார்க்கத் தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்புத் தாழ்ந்து கால் இழுபடும். எட்டு வீச்சுக்கு ஒருதரம் கண் மட்டும் மேலே வரட்டும். மூச்சைப் பக்கவாட்டில் எடுங்கள். மிதவை அலைக்குள் மறையும், ஆகவே கரையில் உயர்ந்த தென்னையொன்றைக் குறியாக வையுங்கள்.